அங்கன்வாடியில் கோதுமை இல்லாத பொட்டலம் ஒன்றும் வேண்டும்

கேரளத்தின் வனிதா சிசு விகசன வகுப்புக்கும் (பெண்கள், குழந்தைகள் வளர்ச்சித் துறை), தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத் துறைக்கும், பாலக்காடு, கோவை மாவட்டங்களில் அங்கன்வாடிகளைக் கவனிக்கிற அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஒரே கடிதத்தை இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து எழுதக் காரணம் இருக்கிறது. நான் வாக்கப்பட்டது கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம். சந்தைக்கு ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம், கல்யாணம் காதுகுத்துக்கு எந்தப் பக்கமும் என்று வேலந்தாவளம், கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்ட்டுகளைத் தாண்டிக்கொண்டே இருக்கிற ஜனங்கள் நாங்கள். இரண்டரை வயதாகிற என் மகளும் அப்படித்தான். இங்கே இருக்கும்போது அங்கன்வாடியில் தருகிற அம்ருதம் பொடி, அம்மா வீட்டுக்குப் போனால் அண்ணன் குழந்தைக்கு வந்த சத்துமாவில் இவளுக்கும் ஒரு உருண்டை. பொட்டலத்தின் மேல் இருக்கிற எழுத்துதான் மாறுகிறது, உள்ளே இரண்டிலும் கோதுமை இருக்கிறது. அந்தக் கோதுமைதான் அவளுக்கு ஆகவில்லையோ என்று டாக்டர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோதுமையே கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. யூடியூபில் அப்படிச் சொல்கிறவர்கள் நிறையப் பேர், நான் அந்தக் கட்சி இல்லை. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை என்று அம்ருதத்தில் இருப்பதெல்லாம் நல்ல சாமான்தான். குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்கள் வறுத்து அரைத்துப் பாக்கெட் போடுகிறார்கள், எங்க நாத்தனாரே கொஞ்ச காலம் அப்படி ஒரு யூனிட்டுக்கு வேலைக்குப் போனவள். என் மூத்த பையன் அதைக் காய்ச்சியும் உருண்டை பிடித்தும் தின்றுதான் திடமாக வளர்ந்தான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சத்து. மிகச் சில பிள்ளைகளுக்கு அதுவே கேடு. அந்தச் சிலருக்கு உங்கள் ஏற்பாட்டில் ஓர் இடம் வேண்டும், நான் கேட்பது இவ்வளவுதான். அதை விளக்கத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோயின் பெயர் செலியாக். கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. சிலருக்கு அது உள்ளே போனால் அவர்களுடைய உடம்பே தன் சிறுகுடலைத் தாக்க ஆரம்பித்துவிடுகிறது. இது அலர்ஜி இல்லை. சாப்பிட்ட உடனே தடிப்பதும் மூச்சு முட்டுவதும் கிடையாது, அதனால்தான் கண்டுபிடிக்க நாளாகிறது. குடலுறிஞ்சிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், சாப்பாட்டிலிருந்து சத்தை எடுப்பவை அவைதான். இந்த நோயில் அவை தேய்ந்து தட்டையாகிவிடும். டர்க்கி டவலில் நூல்சுருள் எல்லாம் தேய்ந்துபோனால் எவ்வளவு துடைத்தாலும் ஈரம் போகாதே, அந்தக் கதைதான். பிள்ளை சாப்பிடும், உடம்பில் ஒட்டாது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு கை கால் சூம்பும். எடை நின்றுபோகும், பிறகு உயரமும் நின்றுபோகும். இரும்புச்சத்து டானிக் எத்தனை பாட்டில் கொடுத்தாலும் ரத்தம் ஊறாது. சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு நேர்மாறாக மலச்சிக்கல், இன்னும் சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாமல் வளர்ச்சி மட்டும் பின்தங்கும்.

என் மகளின் எடை 9.4 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில், அதாவது அங்கன்வாடியிலும் நீங்கள் வைத்திருக்கிற அதே அட்டவணையில், இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்கு நடு அளவு 12.7 கிலோ. பத்துக்குக் கீழே போனால் எடைக்குறைவு. உயரம் 82 சென்டிமீட்டர், 83.6க்குக் கீழே வந்தாலே வயதுக்கேற்ற உயரமில்லை என்று கணக்கு. டீச்சர் ஒவ்வொரு மாதமும் தராசில் நிறுத்தி, அளந்து, போஷன் ட்ராக்கர் என்ற அரசாங்கச் செயலியில் ஏற்றிவிடுகிறார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, குழந்தைகள்மேல் உயிரை வைத்திருக்கிற மனுஷி. ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது ஒரே பாடம். எடை குறைந்தால் சாப்பாடு போதவில்லை, சாப்பாடு போதவில்லை என்றால் பொடியைக் கூட்டு. கூட்டினோம். எடை இன்னும் இறங்கியது. கூட்டிக் கொடுத்தும் ஏன் இறங்குகிறது என்று கேட்கிற வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை, தொந்தரவு அங்கேதான் இருக்கிறது.

யாரும் கேட்காதபோது ஊர் கேட்கும் இல்லையா. "ஏனுங்க அம்மணி, புள்ளைக்குச் சோறே போடறதில்லீங்களா?" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அம்மா கேட்டார். சவலை என்றார்கள், சீர் தட்டியிருக்கிறது என்றார்கள், மாந்தம் என்றார்கள், குடல் ஏறியிருக்கிறது என்று எண்ணெய் தடவி நீவிவிட்டார்கள், தாயத்து இரண்டு ஊரிலிருந்தும் வந்தது. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. இதெல்லாம் போகட்டும், பாசத்தில் செய்கிறவர்கள். பார்க்க வந்த ஒரு மேலதிகாரி என் தையல் மிஷினைப் பார்த்துவிட்டு, "வேலை வேலைன்னு இருந்தா புள்ளைய யார் பாக்குறது?" என்று கேட்டதுதான் மனசில் நின்றுவிட்டது. எடை குறைந்த ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் பொறுப்பில்லாத ஒரு அம்மா இருப்பாள் என்று எப்படி முடிவுக்கு வருகிறீர்கள்?

சரி, டாக்டர்கள் கதைக்கு வருகிறேன். இந்தப் பெயரை முதன்முதலில் நான் கேட்டபோதே கூடவே இன்னொன்றையும் கேட்டேன். "அது வடக்கத்திக்காரங்களுக்கு வர்ற சீக்கு, நம்ம பக்கம் வராது." சொன்னவர் டாக்டர்தான். ஊர், பெயர் எல்லாம் வேண்டாம். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 2016ல் வெளியான ஓர் ஆய்வில் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தெற்கே எடுத்தது வேலூரில். செலியாக்கைக் காட்டுகிற எதிர்ப்பொருள் வடக்கே 100 பேரில் 1.23 பேருக்கு இருந்தது, தெற்கே 0.10. அதாவது இங்கே ஆயிரத்துக்கு ஒருவர். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் வந்தது, இந்த நோய்க்கு இடம்கொடுக்கிற மரபணு தெற்கிலும் கிட்டத்தட்ட வடக்கே இருக்கிற அளவுக்கே இருக்கிறது, மூன்றில் ஒருவருக்கு மேல். வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒரு ஆள் நாளுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். குறைவாகத் தின்றதால் குறைவாக வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மரபணு இருக்கிற எல்லாருக்கும் நோய் வந்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்காக எழுதவில்லை.

இப்போது எங்கள் ஊரில் ஒரு குழந்தையின் நாளை எடுத்துப் பாருங்கள். விடிந்ததும் டீயில் ரஸ்க், அங்கன்வாடியில் ரவையோ நொறுக்குக் கோதுமையோ உப்புமா, சாயங்காலம் பேக்கரி பன், கையில் எப்போதும் ஒரு பிஸ்கட், ராத்திரி அப்பா பரோட்டா வாங்கி வந்தால் அதில் ஒரு பிய்த்தல், நடுவில் உங்கள் பொடி. 25 கிராம் கணக்கெல்லாம் எங்க பாட்டி காலத்துக் கணக்கு. நம்ம பக்கம் வராது என்று சொல்லுகிற டாக்டரும் நம்ம பக்கம் சாப்பாடு என்ன ஆயிற்று என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு குழந்தை டாக்டர்தான் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். மலம், காசநோய், தைராய்டு என்று மற்றதையெல்லாம் பார்த்தார். அப்புறம் டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தச் சோதனைக்கு எழுதினார், கூடவே மொத்த ஐஜிஏ எவ்வளவு என்றும். சிலருக்கு ஐஜிஏ என்கிற வகை எதிர்ப்பொருளே உடம்பில் குறைவாக இருக்கும், அப்போது முதல் சோதனை பொய்யாக நல்லபடி வந்துவிடும், அதற்காகத்தான் இரண்டும். தினக்கூலி வீட்டுக்கு அந்தச் சோதனைக்கான பணம் சின்னத் தொகை இல்லை. எங்க வீட்டுக்காரர் வேலந்தாவளம் மார்க்கெட்டுக்குக் காய் லோடு அடிக்கிறவர். எப்படியோ புரட்டிக் கட்டினோம், வந்த அளவு இருக்க வேண்டிய எல்லையைப் போல் நாலு மடங்கு.

நாலு மடங்கு என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? சந்தேகம் பலமாகிறது, முடிவாகவில்லை. பத்து மடங்குக்கு மேல் இருந்து, வேறொரு நாள் எடுத்த ரத்தத்தில் ஈஎம்ஏ என்ற இன்னொரு சோதனையும் உறுதி செய்தால் குடலில் சதை எடுக்காமலே நோய் என்று சொல்லிவிடலாம், ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் 2020ல் அப்படி வழிமுறை வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே என்றால் எண்டோஸ்கோப்பி போட்டுச் சிறுகுடலில் சில இடங்களில் துளித்துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சின்னக் குழந்தை என்பதால் மயக்கம் கொடுக்க வேண்டும். அதற்குத் தேதி வாங்கிக் காத்திருக்கிறோம், தேதி ஒரு முறை தள்ளியும் போய்விட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், சதை எடுக்கிற நாள் வரைக்கும் அவளுக்குக் கோதுமை கொடுத்தே ஆக வேண்டும். நிறுத்திவிட்டால் குடல் ஆறத் தொடங்கும், ரத்தத்திலும் அளவு இறங்கும், சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிடும். பிறகு உறுதி செய்ய வேண்டுமென்றால் மறுபடி வாரக்கணக்கில் கோதுமையைக் கொடுத்துக் குடலைப் புண்ணாக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆகாது என்று தெரிந்த பொருளை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளைக்கு, தினம் காலையில் ஒரு சப்பாத்தி, சாயங்காலம் ரஸ்க் என்று ஊட்டிக்கொண்டிருக்கிறேன். என் மாமியார் அந்த நேரத்தில் அடுப்படிக்கு வருவதில்லை. தேதி தள்ளிப்போகிறது என்று கவுண்டரில் இருப்பவர் சொல்லும்போது, அவருக்கு அது ஒரு வரி. எங்களுக்கு அத்தனை சப்பாத்தி. செலியாக் சந்தேகத்தில் காத்திருக்கிற குழந்தைக்குத் தேதி கொடுப்பதில் முன்னுரிமை வேண்டும் என்று சுகாதாரத் துறைக்கு நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

இதைப் படிக்கிற அம்மாக்களில் யாருக்காவது இதே சந்தேகம் இருந்தால், தயவுசெய்து நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் ரத்தம் கொடுங்கள், டாக்டர் சொன்ன பிறகு நிறுத்துங்கள். வாழ்நாள் முழுக்கக் காக்க வேண்டிய பத்தியம் இது, மாத்திரை மருந்து கிடையாது, அரைகுறைச் சந்தேகத்தில் தொடங்கக் கூடாது. கூடப் பிறந்தவர்களையும் பார்க்கச் சொல்கிறார்கள், பெற்றவர்களையும்தான், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் இருக்கிற வாய்ப்பு கூடுதல். என் பையனுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும், அவன் ஊசியென்றால் ஊரைக் கூட்டுவான்.

ஒரு பழைய கதை சொல்கிறேன், டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, எனக்குப் பிடித்துப்போயிற்று. 1924ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் இந்த நோய்க்கு வாழைப்பழ வைத்தியம் கண்டுபிடித்தார். ரொட்டி இல்லை, வாழைப்பழம் உண்டு. பிள்ளைகள் தேறினார்கள், வாழைப்பழத்தில்தான் மகிமை என்று அவர் நம்பிவிட்டார், குணமாகிவிட்டது என்று மறுபடி ரொட்டியைக் கொடுக்கவும் சொன்னார். அப்புறம் நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற டாக்டர், ரொட்டிதான் காரணமோ என்று 1930களிலேயே யோசித்துக்கொண்டிருந்தவர், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், ஊரே பட்டினி கிடந்தபோது, ரொட்டி கிடைக்காத இந்தப் பிள்ளைகள் மட்டும் தேறுவதையும் ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுப்பதையும் பார்த்தார். 1950ல் கோதுமைதான் காரணம் என்று ஆய்வாக எழுதினார். பஞ்சத்தில் தேறிய பிள்ளைகள்! நம்ம பாலக்காட்டில் நேந்திரங்காயைச் சீவிக் காயவைத்துப் பொடி பண்ணிக் குழந்தைக்குக் குறுக்கிக் கொடுக்கிற பழக்கம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது, ஹாஸ் ஐயா ஒருமுறை இந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

அதைச் சொல்ல வந்ததற்குக் காரணம், எங்கள் அடுப்பில் பிரச்சினையே இல்லை என்பதுதான். பஞ்சாபில் ஓர் அம்மாவுக்கு இந்த நோய் தெரிந்தால் வீட்டுச் சாப்பாடே தலைகீழாகும். நமக்கு அப்படியா? இட்லி, இடியாப்பம், அரிசிப் புட்டு, கஞ்சி, ராகிக் களி, கம்பஞ்சோறு, சோளம், தினை, சாமை, கப்பை (மரவள்ளி), பயறு, முட்டை, மீன் எதிலும் குளூட்டன் கிடையாது. பத்தியம் தொடங்கினால் வீட்டில் நான் விலக்க வேண்டியது ரவை, சேமியா, மைதா, ஆட்டா, மால்ட் கலந்த சத்துப் பவுடர், அப்புறம் பெருங்காயம். பெருங்காயமா என்று எல்லாரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் கோந்தோடு மாவும் சேர்ப்பார்கள், பல சமயம் அது மைதா. டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், எனக்குக் கண் நன்றாகத் தெரியும், என் மாமியாருக்குத் தெரியாது.

ஆக, அரிசி தின்கிற ஊரில், ராகி தின்கிற ஊரில், வளராத பிள்ளைக்கு மருந்தாகக் கோதுமையைக் கொண்டுவந்து கையில் கொடுப்பது அரசாங்கம்தான். கோபத்தில் சொல்லவில்லை, நடப்பது அதுதான்.

"ஆகலைன்னா வாங்காதீங்க" என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். 2013ஆம் வருடத்துத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள குழந்தைக்கு வயதுக்கேற்ற உணவு அங்கன்வாடி வழியாக இலவசம் என்கிறது, சத்துக்குறைவுள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்து உணவு கொடுப்பது மாநில அரசின் பொறுப்பு என்றும் சொல்கிறது. சத்துக்குறைவுள்ள பிள்ளை என்று நீங்களே பதிவு செய்துவிட்டு, அவளால் சாப்பிட முடியாததை நீட்டிவிட்டு, வேண்டாம் என்றால் போ என்றால் அந்தச் சட்டம் என் மகளுக்குப் பொருந்தாதா? அதே இடத்தில், எல்லைக்கு அப்பால் இருக்கிற டாக்டரின் சீட்டு இங்கே செல்லாது என்றும் சொன்னார்கள். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பாதிப் பேர் உடம்புக்கு முடியவில்லை என்றால் ஓடுவது கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும்தான், இது உங்களுக்குத் தெரியாததா? வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டினால் குடல் மாறிவிடுமா?

என்ன செய்யலாம் என்று நான் யோசித்ததைச் சொல்கிறேன், நிபுணர்கள் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். ராகி, புழுங்கலரிசி, பாசிப்பயறு, நிலக்கடலை, வெல்லம், கேரளப் பக்கம் நேந்திரங்காய்ப் பொடியும் சேர்த்து ஒரு மாற்றுப் பொடி. சாமானுக்குத் தூரம் போக வேண்டாம், அட்டப்பாடியில் ராகியும் சாமையும் விளைகிறது, அதுவும் இதே பாலக்காடு மாவட்டம்தான். எல்லா யூனிட்டிலும் அரைக்க வேண்டியதில்லை, அரைக்கவும் கூடாது. கோதுமை அரைத்த மிஷினில் ராகியைப் போட்டால் அந்த ராகியும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிற எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம், மில்லில் கல்லிடுக்கில் தங்குகிற மாவே அதைத் தாண்டிவிடும். மாவட்டத்துக்கு ஒரே ஒரு யூனிட், அங்கே கோதுமை வாசல்படி ஏறக் கூடாது, வறுக்கிற சட்டியும் சல்லடையும்கூடத் தனி. அவ்வளவு போதும். எங்க ஊர் மாவு மில்காரரிடம் இதை நான் விளக்கியபோது, "அப்ப நீங்க வீட்டுல திருகைல அரைச்சுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். திருகை தேடிக்கொண்டிருக்கிறேன், உண்மையாகவே.

ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் இதற்கு இருப்பார்கள், இதற்கு ஒரு யூனிட்டா என்று கேட்பீர்கள். குறைவாகத்தான் இருப்பார்கள். பாலக்காடு மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பில் 28 லட்சம் பேர். ஆயிரத்துக்கு ஒருவர் என்றாலே ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளோடு 2800 பேர், அதில் நோய் உறுதியாவது இன்னும் குறைவு, அதில் சின்னப் பிள்ளைகள் இன்னும் குறைவு. சரி, சில டஜன் பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்வோம். சில டஜன் பேருக்குப் பொடி அரைப்பது செலவா? அதே யூனிட்டின் பொடியை ராகி விரும்புகிறவர்களுக்கும் விற்றுக்கொள்ளுங்களேன், எங்க நாத்தனார் முதல் ஆளாக வேலைக்கு வருவாள்.

அடுத்தது சோதனை. 2013ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்ததிலிருந்து 18 வயது வரை பிள்ளைகளிடம் தேடிப் பார்க்க வேண்டிய 30 நிலைகளின் பட்டியல் இருக்கிறது. கடுமையான சத்துக்குறைவு அதில் இருக்கிறது, ரத்தசோகை இருக்கிறது, செலியாக் இல்லை. சேர்க்கச் சொல்லிக்கூட நான் கேட்கவில்லை, அது டெல்லி வேலை. கூடுதல் உணவு கொடுத்தும் சில மாதம் தொடர்ந்து எடை ஏறாத பிள்ளை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மற்ற சோதனைகளோடு டிடிஜிக்கும் ரத்தம் எடுத்து அனுப்பலாம் என்று ஓர் உத்தரவு. எல்லா ஊரிலும் மிஷின் வேண்டாம். ரத்தக் குழாய் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாங்கள் போக வேண்டாம். அங்கன்வாடி டீச்சர்களுக்கு மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதைச் சொல்லிக்கொடுங்கள், கூட்டிக் கொடுத்தும் இறங்கினால் டாக்டரிடம் அனுப்பு என்ற ஒரு வரி அவர்கள் நோட்டில் ஏறினால் போதும். எந்த மாநிலத்து டாக்டர் சீட்டாக இருந்தாலும் செல்லும் என்றும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பகுதி அங்கன்வாடிகளில் ஒட்டுகிற அறிவிப்புகளைத் தமிழிலும் போட்டால் பாட்டிமார் படித்துக்கொள்வார்கள், அவர்கள்தான் பகலெல்லாம் பிள்ளை வளர்க்கிறவர்கள்.

தமிழ்நாட்டுத் துறையிடம் தனியாக ஒன்று. பள்ளிகளில் 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அருமையான திட்டம், என் அண்ணன் பெரிய பெண் அதில்தான் சாப்பிடுகிறாள். ஆனால் அந்தப் பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா என்று எத்தனை உப்புமா! வெண்பொங்கல், அரிசி உப்புமா மாதிரி கோதுமை சேராதது போடுகிற அன்றைக்குத்தான் இப்படிப்பட்ட பிள்ளை உட்கார முடியும். மற்ற நாளிலும் இவர்களுக்கு அரிசி உப்புமா, இட்லி என்று ஓர் ஓரத்தில் ஏற்பாடு வேண்டும், இப்போதே யோசித்து வைத்தால் என் மகள் வயதுப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது தயாராக இருக்கும்.

கேரளத் துறையிடமும் ஒன்று. 2025 பிப்ரவரியில் அங்கன்வாடியில் உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று ஒரு பொடியன் கேட்ட வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அமைச்சரே பதில் சொன்னார், அந்த ஜூனில் புது உணவுப் பட்டியலே வந்துவிட்டது, முட்டை பிரியாணியோடு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, பிரியாணியில் கோதுமை இல்லை! ஒரு குழந்தை மழலையில் கேட்டதற்கு மெனுவை மாற்றிய துறைக்கு ஒரு பொடியை மாற்றுவது பெரிய காரியமில்லை என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

என் மகளுக்குச் சதைச் சோதனையில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. செலியாக் இல்லை, வேறு ஏதோ குடல் கோளாறு என்றுகூட வரலாம். அப்படி வந்தாலும் இந்தக் கடிதத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. மாற்றுப் பொடிக்கு ஆள் தேவைப்பட்டால் ராகியை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைக்கிற பக்குவம் எங்க அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், வந்து செய்து காட்டுவார், செக்போஸ்ட் தாண்டித்தான் வர வேண்டும். மேலதிகாரிகள் விசாரணைக்கு வருவதென்றால் காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் அவளை உட்கார வைத்துச் சப்பாத்தி ஊட்டவே நேரம் சரியாக இருக்கிறது.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா